உலை காத்திருக்கும்போது

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு ஆலைகளில், உருக்கும் உலைக்குக் கொஞ்சம் தள்ளி, ஏசி போட்ட சின்ன அறை ஒன்று இருக்கும். உலையிலிருந்து கரண்டியில் மொண்ட குழம்பை அச்சில் ஊற்றி, ஆறவைத்து, முகத்தைத் தேய்த்து எடுத்துக்கொண்டு ஒருவர் அந்த அறைக்கு ஓடிவருவார். அந்தத் துண்டை ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்துப் பொறி பாய்ச்சினால், கார்பன் எவ்வளவு, மாங்கனீசு எவ்வளவு, கந்தகமும் பாஸ்பரஸும் எவ்வளவு என்று சற்று நேரத்தில் திரையில் எண்கள் வரும். உலையில் எதைச் சேர்ப்பது, எப்போது ஊற்றுவது என்பதெல்லாம் அந்த எண்களைப் பார்த்துத்தான் முடிவாகும்.

அந்தத் திரையை இயக்குவது பல இடங்களில் பழைய கணினிதான். கருவி பதினைந்து ஆண்டு உழைக்கும். அதோடு வந்த மென்பொருளோ விண்டோஸ் எக்ஸ்பியிலோ விண்டோஸ் 7-லோதான் ஓடும். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலும், 7-க்கு 2020 ஜனவரியிலும் ஆதரவை நிறுத்திவிட்டது. ஆனாலும் நல்ல நிலையில் இருக்கும் கருவியைத் தூக்கிப் போட எந்த முதலாளிக்கும் மனம் வராது. அதைக் குற்றம் சொல்லவும் முடியாது. எனக்குள்ள கவலை வேறு. கருவியின் அளவுத்திருத்தக் கோப்புகள் அந்தக் கணினியின் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. அவை அந்த ஒரு கருவிக்கென்றே உருவானவை. பக்கத்து ஆலையில் அதே மாடல் இருந்தாலும் அங்கிருந்து இரவல் வாங்க முடியாது. ஒரு நள்ளிரவில் டிஸ்க் செத்துப்போனால் உலையில் குழம்பு காத்திருக்கும். அதைச் சூடாகவே வைத்திருக்க மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். உறையவும் விட முடியாது, என்னவென்று தெரியாமல் ஊற்றவும் முடியாது.

"பேக்கப் இருக்கா?" என்று கேட்டால், "இருக்கு சார், போன வருஷமே எடுத்தாச்சு" என்பார்கள். உண்மையாகவே எடுத்திருப்பார்கள். "அதை வேற டிஸ்க்ல போட்டு ஓட்டிப் பாத்தீங்களா?" என்ற அடுத்த கேள்விக்குத்தான் பதில் வராது.

கோப்புகளை மட்டும் நகலெடுப்பது இந்த மாதிரிக் கணினிக்குப் போதாது. இயங்குதளம், டிரைவர்கள், உரிமப் பதிவு, தொடங்கும் பகுதி எல்லாவற்றையும் சேர்த்து டிஸ்க்கை அப்படியே படியெடுக்க வேண்டும். இதைத்தான் இமேஜ் என்கிறோம். ரிச்சி தெருவில் பழகிய மூத்த மெக்கானிக்குகள் இன்னும் "கோஸ்ட் போடுறது" என்பார்கள். நியூசிலாந்தில் பிறந்த கோஸ்ட் மென்பொருளை 1998-ல் சைமன்டெக் வாங்கியது. நார்ட்டன் கோஸ்ட் விற்பனை 2013-ல் நின்றது. பெயர் மட்டும் பேச்சில் தங்கிவிட்டது. அதற்குப் பின் பலரும் நம்பியிருந்த மேக்ரியம் ரிஃப்ளெக்ட்டின் இலவசப் பதிப்புக்கும் 2024 தொடக்கத்தோடு ஆதரவு முடிந்தது. மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது இதை மனத்தில் வைக்க வேண்டும்: ஐந்து ஆண்டு கழித்து அந்த இமேஜைத் திறக்கும் நிரல் கையில் இருக்குமா? நிரலையும், அது ஓடும் பென்டிரைவையும் இமேஜோடு சேர்த்தே பத்திரப்படுத்துங்கள்.

பழைய கணினிகளுக்கு என் முதல் தேர்வு குளோன்சில்லா. தைவான் நாட்டின் உயர்திறன் கணினி மையத்தில் உருவானது, இலவசம். பென்டிரைவிலிருந்து தானே எழுந்து ஓடுவதால் உள்ளே எக்ஸ்பி இருக்கிறதா, வேறு ஏதாவது இருக்கிறதா என்பது அதற்கு ஒரு பொருட்டில்லை. பழைய 32 பிட் கணினி என்றால் அதற்கேற்ற பதிப்பைப் பார்த்து எடுக்க வேண்டும். குறையும் உண்டு. எழுத்தாக மட்டும் வரும் திரை. எந்த டிஸ்க்கிலிருந்து எந்த டிஸ்க்குக்கு என்று கேட்கும் இடத்தில் மாற்றிச் சொல்லிவிட்டால், வெற்று டிஸ்க்கின் நகல் நிறைந்த டிஸ்க்கின் மேல் விழுந்துவிடும். மவுஸோடு பழகியவர்களுக்கு ரெஸ்க்யூசில்லா வசதி. கணக்குப் பிரிவில் நாள் முழுக்க ஓடும் புதிய விண்டோஸ் கணினிகளுக்கு, வேலை நடக்கும்போதே படியெடுக்கும் வீம் ஏஜென்ட் போன்றவை பொருந்தும்.

ஆனால் எது நல்லது என்பது விளம்பரத்தில் தெரியாது, மீட்கும்போதுதான் தெரியும். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கின் இமேஜ் கையில் இருக்கிறது, அவசரத்துக்கு 480 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி வருகிறார்கள் என்று வையுங்கள். உள்ளே இருப்பது 60 ஜிபிதான் என்றாலும், சிறிய டிஸ்க்கில் இறக்க முடியாது என்று குளோன்சில்லா வழக்கமான அமைப்பில் மறுத்துவிடும். டிஸ்க்கோடு மதர்போர்டும் போயிருந்தால் சிக்கல் இன்னொன்று. பழைய போர்டில் ஐடிஇ முறையில் நிறுவிய எக்ஸ்பி, ஏஹெச்சிஐ முறையில் அமைந்த போர்டில் ஏறியதும் நீலத்திரை காட்டி, 7பி என்ற பிழை எண்ணோடு நின்றுவிடும். பயாஸில் அந்த அமைப்பை மாற்றினால் பல நேரம் எழுந்துவிடும். மாற்றும் வசதியே இல்லாத புதிய போர்டானால் எழாது. புதிய மடிக்கணினிகளில் மீட்புப் பென்டிரைவுக்கு டிஸ்க்கே கண்ணில் படாமல் போவதுண்டு. இன்டெல்லின் விஎம்டி அமைப்பு அதை மறைத்துவைத்திருக்கும். பிட்லாக்கர் பூட்டியிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அந்தச் சாவியை அதே கணினியில் சேமித்துவைத்தவர்களும் இருக்கிறார்கள். உலை காத்திருக்கும் இரவில் இவற்றையெல்லாம் முதன்முறையாகக் கற்றுக்கொள்ளக் கூடாது.

சோதித்துப் பார்க்காத பேக்கப் கைவிடுவது பெரிய நிறுவனங்களுக்கே நடந்திருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். பேக்கப் வழிகள் பல வைத்திருந்தார்கள். தினசரி நகல் போய்ச் சேர வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. நகலெடுப்பு தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டு, யார் கண்ணிலும் படாமல் போயிருந்தன. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்துவைத்த படி ஒன்றுதான் காப்பாற்றியது.

நகல் எங்கே இருக்கிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸில் ஐந்து சர்வர்களைத் தாக்கி, சுமார் 1.3 டெராபைட் தரவைப் பூட்டினார்கள். நாட்கணக்கில் மருத்துவமனை கையெழுத்தில் ஓடியது. தாக்குதல் எட்டாத ஒரு பேக்கப் சர்வர்தான் நோயாளிகளின் விவரங்களைத் திருப்பித் தந்தது. நம் பக்கத்துக்கு வெள்ளமும் சேர்ந்துகொள்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்தது. கணினி தரையில், அதன் நகல் அதே மேசையின் கீழ் இழுப்பறையில் என்றால் இரண்டும் சேர்ந்தே முழுகும். ஒரு டிஸ்க்காவது ஆலைக்கு வெளியே இருக்கட்டும்.

மின்னணு முறையில் வைக்கும் கணக்குப் புத்தகங்களின் நகலை நாள்தோறும் இந்தியாவிலுள்ள சர்வரில் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் கம்பெனிகளுக்கு விதி வந்தது. ஆடிட்டர் கேட்பார் என்பதால் அது நடந்துவிடும். ஸ்பெக்ட்ரோமீட்டர் கணினியையோ எடைமேடைக் கணினியையோ யாரும் வந்து கேட்கப்போவதில்லை.

நான் பரிந்துரைக்கும் நாள் ஆயுத பூஜைக்கு முந்தைய நாள். எப்படியும் இயந்திரங்களை நிறுத்தித் துடைப்போம். அன்று ஸ்பெக்ட்ரோமீட்டர் கணினியின் அசல் டிஸ்க்கைக் கழற்றி ஓரமாக வையுங்கள். மீட்புச் சோதனையை ஒருபோதும் அதன் மேல் செய்யாதீர்கள். வேறொரு டிஸ்க்கை மாட்டி இமேஜை இறக்குங்கள். அதைச் செய்பவர் வழக்கமாகச் செய்பவராக இல்லாமல், இரவு ஷிஃப்டில் இருக்கும் ஒருவராக இருக்கட்டும். விண்டோஸ் எழுந்துவிட்டது என்பதோடு நிறுத்தாமல், அளவு தெரிந்த மாதிரித் துண்டை வைத்துப் பொறி பாய்ச்சி, எண்கள் சான்றிதழோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். எடைமேடை என்றால் எடை தெரிந்த லாரியை ஏற்றிச் சீட்டு அடித்துப் பாருங்கள். ஒத்துப்போனால் புதிய டிஸ்க்கையே உள்ளே ஓடவிட்டு, அசலை உறையில் போட்டு, தேதி, மீட்டவர் பெயர், எத்தனை நிமிடம் ஆனது என்ற மூன்றையும் மார்க்கரில் எழுதி அலமாரியில் வையுங்கள். மறுநாள் சந்தனம் குங்குமம் வைக்கும்போது அந்த உறைக்கும் ஒரு பொட்டு.