நாடு மாறும் ஹெலிகொப்டர் விமானியும் கருவிப் பறப்புப் பயிற்சியும்

வேலைவாய்ப்பின் நிமித்தம் வெளிநாடு செல்லும் நம்மவர்களில் பலர் அங்கு முதலில் எதிர்கொள்ளும் ஏமாற்றங்களுள் சாரதி அனுமதிப்பத்திரமும் ஒன்றாகும். இலங்கையில் இருபது வருடங்கள் லொறி ஓட்டியவரும் சில நாடுகளில் மீண்டும் பயிற்சி வகுப்புக்குச் சென்று, மீண்டும் பரீட்சைக்குத் தோற்ற வேண்டியிருக்கின்றது. வீதிக்கே இந்நிலை என்றால் வானத்துக்கு எத்தகைய விதிகள் இருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. ஒரு நாட்டில் ஹெலிகொப்டர் விமானியாக அனுமதிப்பத்திரம் பெற்றவர் மற்றொரு நாட்டில் பணியாற்ற விரும்பும்போது பெரிதும் தடுமாறும் இடம், கருவிப் பறப்புப் பயிற்சி தொடர்பான நிபந்தனையாகும். பெரும் பணத்தைச் செலவிட்டு வெளிநாட்டில் பயிற்சி பெறும் இளைஞர்களும் அவர்களது பெற்றோரும் இதனை முன்கூட்டியே அறிந்திருப்பது அவசியமாகின்றது.

1944 ஆம் ஆண்டு டிசெம்பர் 7 ஆம் திகதி சிக்காகோவில் கைச்சாத்திடப்பட்ட சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்துச் சமவாயமே இவ்விடயத்தின் அடிப்படையாகும். அதன் 33 ஆவது உறுப்புரையின்படி, விமானம் பதிவு செய்யப்பட்ட நாடு வழங்கிய அனுமதிப்பத்திரம் குறைந்தபட்சச் சர்வதேசத் தரத்தைப் பூர்த்தி செய்யுமாயின், ஏனைய உறுப்பு நாடுகள் அதனை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆயின், வேறொரு நாட்டில் பதிவான விமானத்தைச் செலுத்துவதற்கு இது போதுமானதன்று. அந்நாட்டின் அங்கீகாரமோ அல்லது அந்நாட்டின் அனுமதிப்பத்திரமோ தேவைப்படும். அதற்கும் மேலாக, தனது பிரஜை ஒருவர் பிறநாட்டிலிருந்து பெற்றுவரும் அனுமதிப்பத்திரத்தைத் தனது வான்பரப்பினுள் ஏற்க மறுக்கும் உரிமையை 32 ஆவது உறுப்புரை ஒவ்வொரு நாட்டுக்கும் வழங்குகின்றது. வெளிநாட்டில் பயின்று தாயகம் திரும்ப எண்ணுபவர்கள் கவனத்திற் கொள்ளவேண்டிய உறுப்புரை இதுவாகும்.

கருவிப் பறப்பு என்பது யாது? வெளியே எதனையும் பாராது, விமானியின் முன்னாலுள்ள கருவிகளை மாத்திரம் நம்பி விமானத்தைச் செலுத்துவதே அதுவாகும். அடிவானம் கண்ணுக்குப் புலப்படும் வரையில் மனிதன் தன் சமநிலையை இழப்பதில்லை. மேகமோ மூடுபனியோ அதனை மறைத்துவிட்டால் உட்செவியின் உணர்வை மாத்திரமே அவன் நம்ப வேண்டியவனாகின்றான். உட்செவியிலுள்ள அரைவட்டக் குழாய்களின் திரவம் மெதுவான சரிவை உணர்த்துவதில்லை. ஒரே திசையில் நீண்ட நேரம் திரும்பிக் கொண்டிருந்தால், நேராகவே செல்வதான உணர்வு ஏற்படுகின்றது. அதனைச் சரிசெய்து நேராக்கியதும், எதிர்ப்பக்கம் சரிவதாகத் தோன்றுகின்றது. கருவி ஒன்றைக் கூற உடல் வேறொன்றைக் கூறும் அவ்வேளையில், கருவியை நம்புவதற்கு மனதைப் பழக்குவதே இப்பயிற்சியின் சாரமாகும்.

1954 இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கருவிப் பறப்பில் அனுபவமற்ற 20 விமானிகளைச் சிறிய விமானமொன்றில் வெளிப்பார்வையை மறைத்துப் பறக்கச் செய்தனர். அவர்கள் கட்டுப்பாட்டை இழக்கச் சராசரியாக 178 செக்கன்களே எடுத்தன. அதாவது மூன்று நிமிடங்களுக்கும் குறைவு. அது இறக்கை கொண்ட விமானத்தில் செய்யப்பட்ட ஆய்வாகும். கையை விட்டாலும் ஓரளவு நேராகப் பறக்கும் இயல்பு அத்தகைய விமானத்துக்கு உண்டு. சிறிய ஹெலிகொப்டருக்கு அவ்வியல்பு இல்லை. அதன் விமானி இடைவிடாது திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 2021 டிசெம்பர் 8 ஆம் திகதி நீலகிரி மாவட்டம் குன்னூருக்கு அருகே இந்தியாவின் முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் உட்பட 14 பேரின் உயிரைப் பறித்த விபத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காலநிலையில் ஏற்பட்ட எதிர்பாராத மாற்றத்தினால் ஹெலிகொப்டர் மேகத்தினுள் நுழைந்ததும், அதனால் விமானிக்கு ஏற்பட்ட திசையுணர்வுக் குழப்பமுமே காரணம் என இந்திய விமானப் படை அறிவித்தது. 2024 மே 19 ஆம் திகதி ஈரான் ஜனாதிபதி இப்ராஹிம் ரைசி உயிரிழந்த விபத்திலும் அடர்ந்த மூடுபனியே முக்கிய காரணமாகக் கூறப்பட்டது. 2020 ஜனவரி 26 ஆம் திகதி கலிபோர்னியாவில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் உட்பட ஒன்பது பேர் மரணமான விபத்திலோ, விமானி தாம் மேலே ஏறிக் கொண்டிருப்பதாக வானொலியில் அறிவித்த வேளையில் ஹெலிகொப்டர் உண்மையில் கீழே இறங்கிக் கொண்டிருந்தது.

இத்தகைய அனுபவங்களின் பின்னணியிலேயே பயிற்சி மணித்தியாலங்கள் பற்றிய விதிகளை நோக்க வேண்டும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் முதலாவது இணைப்பின்படி, வர்த்தக ஹெலிகொப்டர் விமானி அனுமதிப்பத்திரத்துக்கு 10 மணித்தியாலக் கருவிப் பயிற்சி தேவை. அதில் 5 மணித்தியாலங்களுக்கு மேற்படாமல் தரையிலுள்ள பயிற்சிப் பொறியில் பெறலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் தனிநிலைப் பாடநெறியும் 10 மணித்தியாலங்களையே கேட்கின்றது. ஆனால், உலகெங்குமிருந்து மாணவர்கள் பயிற்சிக்குச் செல்லும் அமெரிக்காவில், வர்த்தக ஹெலிகொப்டர் அனுமதிப்பத்திரத்துக்கு 5 மணித்தியாலங்களே நிபந்தனையாகும். அதனையும் சிமியுலேட்டர் போன்ற பொறிகளில் பூர்த்தி செய்ய அங்கு இடமுண்டு.

சிக்கல் இங்கேயே உருவாகின்றது. அமெரிக்க அனுமதிப்பத்திரத்துடன் வரும் ஒருவர், சர்வதேசத் தரத்தை அப்படியே பின்பற்றும் நாடொன்றில் விண்ணப்பிக்கும்போது 5 மணித்தியாலங்கள் குறைவாக உள்ளமை தெரியவருகின்றது. அவர் பெற்ற 5 மணித்தியாலங்களும் வானில் பெற்றவையாயின், எஞ்சியவற்றைப் பொறியில் பெற்றுச் செலவைக் குறைக்க வாய்ப்புண்டு. மாறாக, அவை அனைத்தும் தரைப் பொறியில் பெற்றவையாயின், எஞ்சிய ஐந்தையும் ஹெலிகொப்டரிலேயே பறந்து பெற வேண்டும். பயிற்சிக் காலத்தில் செலவு கருதி எடுக்கும் சிறிய முடிவு, பின்னர் பெருஞ்செலவாக மாறுவது இவ்வாறுதான்.

எதிர்த்திசையில் செல்பவருக்கும் சிக்கல் இல்லாமலில்லை. வெளிநாட்டு அனுமதிப்பத்திரத்தின் அடிப்படையில் அமெரிக்கா இலகுவாக வழங்குவது தனியார் விமானிக்கான சான்றிதழை மாத்திரமே. அதனைக் கொண்டு ஊதியம் பெற்றுப் பறக்க இயலாது. தாய்நாட்டு அனுமதிப்பத்திரத்தில் கருவிப் பறப்புத் தகுதி உள்ளவர், விண்ணப்பத்துக்கு முந்திய 24 மாதங்களுக்குள் உரிய எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்தால், அத்தகுதியையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். வர்த்தக விமானியாவதற்கோ, அந்நாட்டு விதிகளை முழுமையாகப் பூர்த்தி செய்து எழுத்துப் பரீட்சைக்கும் செய்முறைப் பரீட்சைக்கும் தோற்ற வேண்டும்.

அவ்வேளையில் பழைய பயிற்சி கணக்கிலெடுக்கப்படுமா என்ற வினா எழுகின்றது. சர்வதேச அமைப்பின் உறுப்பு நாடொன்றின் அங்கீகாரம் பெற்ற பயிற்றுநர், அமெரிக்காவுக்கு வெளியே வழங்கிய பயிற்சியை அந்நாட்டு விதிகள் ஏற்கின்றன. ஆனால், பயிற்சி நடந்தது என்பது மாத்திரம் போதாது. அதன் உள்ளடக்கமும் தெரிய வேண்டும். வெளிப்பார்வையை மறைக்கும் சாதனத்துடன் நிலைக் கட்டுப்பாடு, சில கருவிகள் செயலிழந்த நிலையில் பறத்தல், அசாதாரண நிலையிலிருந்து மீளல், வழிகாட்டிச் சமிக்ஞைகளைப் பின்தொடர்தல் ஆகியவை ஹெலிகொப்டரைக் கையாளும் பயிற்சியாக இடம்பெற்றிருக்க வேண்டும். பல நாடுகளின் பறப்புப் பதிவேடுகளில் 'இரட்டைப் பயிற்சி, 1.2 மணித்தியாலம்' என்ற ஒற்றை வரியே காணப்படுகின்றது. கருவிகளைக் கொண்டு பறந்த நேரம் எவ்வளவு என்பது தனியே எழுதப்படாவிடின், பெற்ற பயிற்சியும் பெறாததாகவே கருதப்படும்.

முழுமையான கருவிப் பறப்புத் தகுதி இதனின்றும் வேறானது. அமெரிக்காவில் ஹெலிகொப்டருக்கான அத்தகுதிக்கு 40 மணித்தியாலக் கருவி நேரம் தேவை. அதில் 15 மணித்தியாலங்கள் ஹெலிகொப்டர் கருவிப் பறப்புத் தகுதி பெற்ற பயிற்றுநருடன் அமைய வேண்டும். பரீட்சைக்கு முந்திய இரு மாதங்களுக்குள் 3 மணித்தியாலப் பயிற்சியும், 100 கடல் மைல் கொண்ட கருவிவழிப் பயணமும் அவசியம். ஐரோப்பிய ஒன்றியமோ ஒற்றை எஞ்சின் ஹெலிகொப்டருக்கு 50, பல எஞ்சின் ஹெலிகொப்டருக்கு 55 மணித்தியாலப் பாடநெறியை விதித்துள்ளது. 2021 ஜனவரி முதல் பிரித்தானிய அனுமதிப்பத்திரமும் ஐரோப்பிய ஒன்றியத்தில் மூன்றாம் நாட்டு அனுமதிப்பத்திரமாகவே கருதப்படுகின்றது. எனவே, ஓர் ஐரோப்பிய நாட்டில் பெற்றது எங்கும் செல்லும் என்ற பழைய நம்பிக்கை இன்று பொருந்தாது.

ஆகவே, பயிற்சிக்குச் செல்பவர்கள் சில விடயங்களில் கவனமாக இருத்தல் வேண்டும். முதலாவதாக, எங்கு பயில்வது என்பதற்கு முன்னர் எங்கு பணியாற்றுவது என்பதைத் தீர்மானித்து, அந்நாட்டு அதிகார சபையின் நிபந்தனைகளை எழுத்துமூலம் பெற்றுக்கொள்ள வேண்டும். பயிற்சி நிலையத்தின் விளம்பரம் அதற்கு ஈடாகாது. இரண்டாவதாக, ஒவ்வொரு பயிற்சியின் பின்னரும் கருவி நேரம், இடம், செய்த பயிற்சிகள், வானிலா அல்லது பொறியிலா என்ற விபரம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, அன்றே பயிற்றுநரின் கையொப்பத்தைப் பெற வேண்டும். பயிற்றுநர் வேறு நாட்டுக்குச் சென்ற பின்னர் அவரைத் தேடி அலைவதில் பயனில்லை. மூன்றாவதாக, அப்பயிற்றுநருக்குக் கருவிப் பயிற்சி வழங்கும் தகுதி உண்டா என்பதையும் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

இந்நிபந்தனைகள் அனைத்தும் அதிகாரிகளின் கெடுபிடி என்று சலித்துக்கொள்வோரும் உளர். ஐந்தா பத்தா என்பதில் நாடுகளே ஒன்றுபடாத நிலையில் அச்சலிப்பில் நியாயம் இல்லையென்றும் கூறிவிட முடியாது. எனினும், பத்து மணித்தியாலப் பயிற்சி ஒருவரை மேகத்தினுள் பறக்கத் தகுதியானவராக்கிவிடுவதில்லை. அறியாமல் நுழைந்துவிட்டால் பதற்றமின்றித் திரும்பி வருவதற்கே அது உதவும். கலிபோர்னியாவில் விபத்துக்குள்ளான விமானி 8,000 மணித்தியாலங்களுக்கு மேற்பட்ட அனுபவமும் கருவிப் பறப்புத் தகுதியும் கொண்டவர். ஆனால், அவரது நிறுவனத்துக்குக் கருவிவழிப் பறப்பை மேற்கொள்ளும் அனுமதி இருக்கவில்லை. கண்பார்வையை நம்பிப் பறக்க வேண்டிய பயணத்தை மேகச் சூழலினுள் தொடர அவர் எடுத்த முடிவே விபத்துக்குக் காரணமென அமெரிக்கத் தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2021 பெப்ரவரியில் முடிவு செய்தது.

அனுமதிப்பத்திரத்தில் ஒருமுறை பதியப்பட்ட தகுதி, தொடர்ந்த பயிற்சியின்றி நாளடைவில் தேய்ந்துவிடும் என்பதும் மறுப்பதற்கில்லை. எனவே, நாடு மாறும் விமானி மேலதிகமாகப் பெறவேண்டிய அந்த ஐந்து மணித்தியாலங்களை வீண் செலவாகக் கருதாது, மறந்தவற்றை மீண்டும் பழகுவதற்குக் கிடைத்த வாய்ப்பாகக் கொள்வதே விவேகமாகும். அவரை நம்பிப் பின்னிருக்கையில் அமர்ந்திருப்பவர்களுக்கு அவரது பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும் வசதி இல்லை என்பதை அதிகாரிகளும் விமானிகளும் மறந்துவிடலாகாது.