தேரிக்காட்டில் வேன் கூரை நனைவது ஏன்?

பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் நோக்கி வேனில் செல்பவர்கள் வழிநெடுகப் பசுமையையே காண்கிறார்கள். செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று தாமிரபரணியும் கூடவே வருகிறது. இருபுறமும் நெல்லும் வாழையும். திருச்செந்தூரை எட்டி, காயாமொழிப் பக்கம் திரும்பிச் சற்றுத் தூரம் போனதும் காட்சி அடியோடு மாறிவிடுகிறது. செக்கச் சிவந்த மணல்மேடுகள். இடையிடையே பனையும் கொல்லாமரமும். இதுதான் குதிரைமொழித் தேரி. 1986இல் மாவட்டம் பிரிந்தபின் இது தூத்துக்குடிக்குப் போய்விட்டது என்றாலும், எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு இன்னும் நெல்லைச் சீமைதான்.

மணல் சிவந்திருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு மணியின் மேலும் படிந்துள்ள இரும்பு ஆக்சைடு. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று இந்த மணலைக் கண்ணில் அள்ளிப் போடும். எனவே நண்பர்களோடு வேன் எடுத்துக்கொண்டு, அடுப்பும் அரிசியுமாகப் போய் ஓரிரவு தங்க ஏற்ற காலம் மழை ஓய்ந்த தை மாதம்தான். தார்ச்சாலையை விட்டு மட்டும் இறங்காதீர்கள். அந்த மணலில் சக்கரம் புதைந்தால் ஊரே கூடித்தான் தள்ள வேண்டும். அங்கு தங்குவதில் நாம் முதல்வர்களும் அல்லர். உலோகம் அறியாத காலத்து மனிதர்கள் தேரிகளில் விட்டுச்சென்ற சிறுசிறு கற்கருவிகளைப் பற்றி சாய்னர், ஆல்ச்சின் என்னும் இரு அறிஞர்கள் 1956இல் விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

தேரியில் நிறுத்திய வேனை விடியற்காலையில் தொட்டுப் பாருங்கள். மழையே பெய்யவில்லை, ஆனால் கூரை சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். பக்கத்தில் பனைமரங்களுக்கு அடியில் நிறுத்திய வண்டியின் கூரையோ பெரும்பாலும் உலர்ந்திருக்கும். ஏன் இந்த வேறுபாடு?

எல்லாப் பொருள்களும் வெப்பத்தைக் கதிர்வீசிக்கொண்டே இருக்கின்றன. 27 டிகிரி செல்சியஸில், அதாவது 300 கெல்வினில், ஒரு கரும்பரப்பு சதுர மீட்டருக்குச் சுமார் 460 வாட் வீசும். ஸ்டீபான்-போல்ட்ஸ்மன் விதியைக் கொண்டு நீங்களே கணக்கிடலாம். வானமும் சும்மா இருப்பதில்லை. காற்றிலுள்ள நீராவியும் கரியமில வாயுவும் வெப்பக் கதிர்களை உட்கொண்டு ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகின்றன. ஆனால் மேகமற்ற இரவில் வரவு எப்போதும் செலவைவிடக் குறைவு. மெல்லிய தகரக் கூரையில் சேமித்த வெப்பமும் அதிகம் இல்லை. ஆகவே அது சுற்றியுள்ள காற்றைவிடவே குளிர்ந்துபோகிறது. பனிநிலைக்குக் கீழே இறங்கியதும், அதைத் தொடும் காற்றிலுள்ள நீராவி துளிகளாகப் படிகிறது. பனையோலை வானத்தைவிட வெதுவெதுப்பானது. அதன் அடியில் நிற்கும் கூரைக்கு வரவு கூடுதல். வீட்டு மொட்டைமாடியில் இரண்டு எவர்சில்வர் தட்டுகளை வைத்து, ஒன்றுக்கு மேல் ஒரு முழ உயரத்தில் பாயைக் கட்டிச் சோதித்துப் பாருங்கள்.

மணலும் இப்படியே குளிர்கிறது. உலர்ந்த மணலின் இடுக்குகளில் காற்று அடைபட்டிருப்பதால் அது வெப்பத்தை எளிதில் கடத்தாது. பகல் வெயில் மேற்பரப்போடு நின்றுவிடும். இரவிலும் மேற்பரப்புதான் குளிரும். ஒரு முழம் தோண்டி வெப்பமானியை வைத்தால் இரவு பகல் வேறுபாடே தெரியாது.

அமெரிக்காவில் அரிசோனா பாலைவனத்தின் குவார்ட்ஸைட் என்னும் சிற்றூருக்குக் குளிர்காலந்தோறும் வீட்டு வண்டிகள் ஆயிரக்கணக்கில் வந்து கூடுகின்றன. படுக்கை, சமையலறை எல்லாம் வண்டிக்குள்ளேயே. அந்தப் பாலையில் ஜனவரிப் பகலில் 20 டிகிரியை ஒட்டி இருக்கும் வெப்பநிலை இரவில் 10க்கும் கீழே இறங்கிவிடும். நம் தேரியில் பகலில் 30ஐ ஒட்டி இருந்தாலும் இரவில் 20க்குக் கீழ் போவது அரிது. கடல் அருகில் இருப்பதால் நம் காற்றில் நீராவி மிகுதி. அது போர்வைபோல வெப்பத்தைத் தடுக்கிறது. அதே நீராவிதான் கூரையையும் நனைக்கிறது. அங்கே குளிர் அதிகம், பனித்துளி குறைவு. இங்கே நேர்மாறு.

வேனுக்குள் படுத்தால் கூரையின் உட்புறமும் நனையும். அந்த நீர் நம் மூச்சிலிருந்து வந்தது. இதைத் தடுக்க இருபுறச் சன்னல்களையும் இரண்டு விரற்கடை திறந்து, கொசுவுக்கு வலை கட்டினால் போதும்.

ஆனால் சன்னலைத் திறந்தும் தீராத ஆபத்து ஒன்று உண்டு. குளிருக்காகக் கரி அடுப்பை உள்ளே வைப்பவர்களும், குளிர்சாதனத்துக்காக இரவெல்லாம் எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிடுபவர்களும் இருக்கிறார்கள். எரிபொருள் முழுமையாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்புடன் இது ஒட்டிக்கொள்கிறது. மூச்சு முட்டும் உணர்வும் வராது. தலைவலியும் மயக்கமும்தான் வரும். உறங்குபவருக்கு அதுவும் தெரியாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இருவர் இறந்துகிடந்தனர். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் புகுந்ததே காரணம் என்று கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழகத்தினர் சோதனை நடத்திக் கண்டறிந்தார்கள். வடகரை ஒன்றும் குளிர்ப் பிரதேசம் அன்று. நம் திருச்செந்தூரைப் போலக் கடலோர ஊர்தான்.

ஆகவே அடுப்பை வெளியிலேயே மூட்டி, சமையல் முடிந்ததும் தணலில் நீரூற்றி அணைத்துவிடுங்கள். படுக்குமுன் எஞ்சினை நிறுத்திவிடுங்கள். இருபது டிகிரிக் குளிருக்கு ஒரு சமுக்காளம் தாராளம்.