வாய்ச்சியின் வாய்

திருக்கோணமலைத் துறைமுகத்தை அடுத்த கரையோர ஊர்களிலே மரவேலை செய்வோனை 'ஓடாவி' என்று அழைப்பது பழைய வழக்கு. தச்சன் என்னும் சொல் இங்குள்ளோர்க்குத் தெரியாததன்று. ஆயினும் ஓடம் கட்டியவர் வழியில் வந்தவர்கள், வீட்டுக்குக் கூரை ஏற்றினும், பள்ளிக்கூடத்து வாங்கைத் திருத்தினும் ஓடாவிகளே ஆவர். மூதூர், கிண்ணியா முதலிய ஊர்களில் முஸ்லிம் மக்கள் நாவிலே அது 'ஓடாவியார்' என மரியாதை விகுதியும் பெற்று வரும். தரையில் வேலை செய்பவனுக்கும் நீரிலிருந்து பெயர் எடுத்துக் கொடுத்த கரை இது.

அவ்வோடாவியின் கைக்கருவிகளுள் தலையாயது வாய்ச்சி. வகுப்பிலே இச்சொல்லைக் கரும்பலகையில் எழுதிப் பொருள் கேட்டால், வாய் மிகுந்த பெண்ணொருத்தியைக் குறிப்பதென எண்ணி மாணவர்கள் நகைக்கின்றனர். கோடரிக்கு வாய் பிடியோடு ஒரே போக்கில் நிற்கும். வாய்ச்சிக்கோ வாய் பிடிக்குக் குறுக்கே கிடக்கும். கோடரி மரத்தைப் பிளப்பது. வாய்ச்சி மரத்தைச் செதுக்குவது. மரத்தைக் காலால் மிதித்துக்கொண்டு தன்னை நோக்கியே வெட்டும் கருவியாதலின், கண்ணும் கையும் ஒருகணம் பிசகினும் காலுக்குக் கேடு. கருவியின் கூரிய விளிம்புக்கு வாய் என்னும் பெயர் தமிழில் உண்டு. அதன்வழி வாய்ச்சி வந்தது எனலாம். வடமொழியார் இதனை வாசி என்பர். எம்மொழி எம்மொழிக்குக் கொடுத்தது என்னும் வழக்கை இங்கே தொடங்கினால் கட்டுரை வேறு துறைக்குப் போய்விடும். நிற்க.

என் தாய்வழிப் பாட்டனார் ஓடாவி. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் தேதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கிய காலத்தில் அவர் இளைஞர். உயிர் தப்பி உட்கிராமமொன்றுக்குப் போனபோது அவர் தோளிலே இருந்தது ஒரு சாக்குப்பை. அதனுள் வாய்ச்சி, இரண்டு உளி, ஒரு கொட்டாப்புளி. வேறு சொத்து எதுவும் எடுத்துச் செல்லவில்லையென்று என் அன்னையார் சொல்லுவார். அந்த வாய்ச்சியே இன்றும் எங்கள் குடும்பத்தில் இருப்பது. நான் தமிழ் படித்து ஆசிரியனானேன். என் தம்பி பாட்டனார் தொழிலை மேற்கொண்டான். ஆகவே வாய்ச்சியும் அவனைச் சேர்ந்தது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் தேதி கடல் பொங்கி எழுந்தபோது தம்பியின் வேலைக் கொட்டில் அடியோடு போயிற்று. மூன்றாம் நாள் மணலைக் கிளறியவன் காலில் வாய்ச்சியின் இரும்பு தட்டுப்பட்டது. பிடி இல்லை. பாட்டனாரின் விரல்கள் பதிந்து பதிந்து பள்ளமிட்டிருந்த அப்பிடியைக் கடல் கொண்டது.

பாளி மொழியிலுள்ள சங்யுத்த நிகாயத்திலே இவ்வாய்ச்சிப் பிடி ஓர் உவமையாக வருகின்றது. தச்சன் தன் பிடியிலே விரல்களின் சுவடும் பெருவிரலின் சுவடும் தோன்றுவதைக் காண்கிறான். ஆனால் இன்று இவ்வளவு தேய்ந்தது, நேற்று இவ்வளவு தேய்ந்தது என்று அறிகின்றானில்லை. தேய்ந்தபின் தேய்ந்தது என்றே அறிகிறான். உள்ளத்தின் மாசு தேய்வதற்குப் புத்தர் கூறிய உவமை அது. சமயப் பொருளை அந்நெறியினர்க்கு விட்டு, உவமையை மட்டும் நோக்கினாலும், அதனைச் சொன்னவர் ஒரு தச்சன் அருகில் நெடுநேரம் இருந்து பார்த்தவர் என்பது தெளிவு. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட அப்பிடிக்கும் கடலிற் போன எங்கள் பிடிக்கும் வேற்றுமை இல்லை, ஒன்றைத் தவிர. எங்கள் பாட்டனார் இடக்கையர். பெருவிரற் பள்ளம் மறுபக்கத்தில் இருந்தது.

தம்பி புதுப்பிடிக்குத் தேர்ந்த மரம் சாவண்டலை. சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படுவது. ஆங்கில வணிகர் அதற்கு நம் ஊரின் பெயரையே இட்டுத் திருக்கோணமலை மரம் என்று வழங்கினர். சென்னைக் கடற்கரையில் அலைகளினூடே சரக்கும் மனிதரும் ஏற்றி இறக்கிய மசூலாப் படகுகளுக்கு இங்கிருந்து இம்மரமே பெருந்தொகையாய்ச் சென்றது. பீப்பாய்ப் பலகைக்கும் ஏற்றது. அடியைத் தாங்கும், வளையும், எளிதில் முறியாது. பழைய வண்டியொன்றிலிருந்து கழற்றிய துண்டைச் சீவித் துளையிற் செருகி ஆப்பு அடித்தான். இரண்டு மூன்று ஆண்டுகளில் அதில் அவனுடைய வலக்கைச் சுவடு தெரியத் தொடங்கிற்று.

இதுவரை வீட்டில் எவரும் மறுப்புரைக்கவில்லை. பிடி மாறுவது இயல்பு என்பதை அன்னையாரும் அறிவார். வாய் மாறுவது அப்படியன்று.

அவ்வாய் நேராக இருந்ததில்லை. இடக்கையால் வெட்டி, இடக்கைப் பழக்கத்தால் தீட்டியதனால் ஒரு மூலை மிகத் தேய்ந்து, விளிம்பு முழுவதும் சாய்ந்திருந்தது. பிடி போனபின் பாட்டனாரின் கை எஞ்சியிருந்தது அச்சாய்வில் மாத்திரமே. தம்பியும் தீட்டும்போதெல்லாம் அதனைக் கெடாமற் காத்தான். வலக்கையனுக்கு அச்சாய்வு இடறும். அவன் இடது முழங்காலின் கீழே இரண்டு தழும்புகள் உள்ளன. ஆயினும் பெருவேலைக்கு வேறு வாய்ச்சி வைத்துக்கொண்டு, கடைசியாகப் பலகையை நயப்படுத்தும் வேளையில் பாட்டனாரின் வாய்ச்சியையே எடுப்பான். நாலு விரற்கடை இருந்த இரும்பு இரண்டு விரற்கடை ஆயிற்று. பின்னர் ஒருநாள், காலையில் தீட்டிய கூர் நண்பகலுக்குள் மழுங்கிற்று. மறுநாளும் அவ்வாறே.

இருவருமாகக் கம்மாலைக்குச் சென்றோம். அங்கே முன்பு துருத்தி இருந்த இடத்தில் இப்பொழுது மின்விசிறி உலையை ஊதுகின்றது. மற்றவை மாறவில்லை. கொல்லர் வாய்ச்சியை வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "வாத்தியார், இது இடக்கைக்காரன்ரை வாய்ச்சி" என்றார். நாங்கள் எதுவும் சொல்லியிருக்கவில்லை. பின்னர் விளிம்பை அரத்தால் ஒருமுறை உரசி, "இதிலை உருக்கு முடிஞ்சுது. இனித் தீட்டினால் வெறும் இரும்பைத்தான் தீட்டுறீங்கள்" என்றார்.

இதன் காரணத்தை நேயர்கள் அறிந்துகொள்வது நன்று. உருக்கு அரிதாயிருந்த காலத்தில் கருவி முழுவதையும் அதனாற் செய்வதில்லை. உடல் மெல்லிரும்பு, வாயில் மாத்திரம் சிறிதளவு உருக்கை வைத்துக் காய்ச்சி ஒட்டுவர். மெல்லிரும்பு அடியின் அதிர்ச்சியைத் தாங்கும். உருக்கு கூரைத் தாங்கும். தீட்டத் தீட்ட உருக்கு குறைந்துகொண்டே வந்து ஒருநாள் முடிந்துபோம். அப்பொழுது பார்வைக்குக் கருவி முழுமையாகவே தோன்றும். வாய் மாத்திரம் வேலை செய்யாது.

பரிகாரமும் உண்டு. தேய்ந்த விளிம்பை வெட்டிரும்பால் நேராகத் துணித்து, இரும்பின் நுனியைப் பிளந்து, பிளவிலே புது உருக்கைச் செருகி, வெண்காரம் தூவி, வெள்ளைச் சூடு ஏறப் பொறி பறக்கும் வேளையில் பட்டடையில் வைத்துச் சம்மட்டியால் அடித்தால் இரண்டும் ஒன்றாகும். இக்காலத்துக் கொல்லர் பழைய லொறியின் வில்லுத் தகட்டிலிருந்து அவ்வுருக்கை எடுக்கின்றனர். கொல்லர் எங்களைக் கேட்டது ஒன்றே: "நேராய் வைக்கவோ, பழைய சாய்வு வேணுமோ?" தம்பி என்னைப் பார்த்தான். நான் அன்னையாரைக் கேட்டுச் சொல்வதாகக் கூறி வாய்ச்சியைத் திரும்பக் கொண்டுவந்தேன்.

அன்னையார் ஒருப்படவில்லை. "அப்புவின்ரை கை அதிலைதான் கிடக்குது, தம்பி. கடல் விட்டதை நீங்கள் நெருப்பிலை போடப் போறீங்களோ?" என்றார். புதுவாய்ச்சி ஒன்று வாங்கிக்கொண்டு இதனை எண்ணெய் தடவிப் பெட்டியில் வைக்கலாமே என்பது அவர் கருத்து. கடையில் வாய்ச்சிகள் இருக்கின்றன. உடல் முழுவதும் ஒரே உருக்கு, விலையும் அதிகமில்லை. எனினும் அவற்றின் எடை தம்பியின் கைக்கு ஒத்துவரவில்லை.

நான் தமிழ்ப் பண்டிதன் ஆதலால், எனக்குத் தெரிந்த வழியில் வாதம் செய்தேன். பனையோலை நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் சில நூற்றாண்டுக்கு மேல் நில்லாது. செல்லும் இராமபாணப் பூச்சியும் அரிக்கும், ஓரம் முறியும். ஆகவே ஏட்டைப் பெயர்த்து எழுதுவர். பெயர்த்த ஏடும் பழுதாகும்போது அதனையும் பெயர்த்து எழுதுவர். 1887இல் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை அச்சிட்டபோதும், 1894இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டபோதும் அவர்கள் கையிலிருந்தவை படிக்குப் படி பெயர்த்த ஏடுகளே. புலவர்கள் எழுதிய மூல ஏடு ஒன்றுகூட இல்லை. அதனால் அந்நூல்கள் இல்லையென்று சொல்வோமா? ஏடு மாறியது, நூல் மாறவில்லை. அதுபோல இரும்பு மாறினும் வாய்ச்சி மாறாது.

அன்னையார் பொறுமையாகக் கேட்டார். பின்பு, "பாட்டு நிண்டுது சரி. எழுதினவன்ரை கையெழுத்து?" என்றார்.

இதற்கு விடை எனக்குத் தெரியவில்லை, இன்னமும் தெரியாது. நூலைக் காப்பது வேறு, கையெழுத்தைக் காப்பது வேறு. சுவடிகளைத் தேடிய பெரியோர்க்கு நூல் வேண்டியிருந்தது. ஒரு மகளுக்குக் கையெழுத்து வேண்டியிருக்கிறது.

நம் ஊரின் பெயரைத் தாங்கிய மரக்கப்பல் ஒன்று உண்டு. ஆங்கிலக் கடற்படைக்காக 1817இல் பம்பாயில், வாடியா குடும்பத்துப் பார்சிக் கப்பற்றச்சர்கள் தேக்கு மரத்தாற் கட்டி நீரிலிறக்கிய 'திரிங்கோமலி' அது. இன்று இங்கிலாந்தின் வடகீழ்க் கரையிலுள்ள ஹாட்டில்பூலில் மிதக்கின்றது. 1990ஆம் ஆண்டு தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் அதனைச் செப்பனிட்டவர்கள், உளுத்த மரங்களை மாற்றி, மாற்றவேண்டாத மரங்களை இயன்றமட்டும் விட்டுவைத்தனர். அக்கப்பல் இனிப் போருக்குச் செல்லவேண்டியதில்லையாதலால் அவ்வாறு செய்ய முடிந்தது. தம்பியின் வாய்ச்சி மறுநாட் காலையிலே வேலைக்குச் செல்லவேண்டும்.

முடிவை உண்டாக்கியது என் வாதமன்று. ஒரு மாலைப்பொழுதில் தம்பி கிணற்றடியிற் கால் கழுவிக்கொண்டிருந்தபோது அன்னையார் அத்தழும்புகளைக் கண்டார். அவை புதியவையல்ல, எத்தனையோ முறை கண்டிருப்பார். அன்று மாத்திரம், "இது எதாலை?" என்று கேட்டார். அவன் மறைக்கவில்லை. சிறிதுநேரம் சென்றபின், "நேராய் வைக்கச் சொல்லு. வெட்டுற துண்டை எனக்குக் கொண்டுவந்து தா" என்றார்.

கம்மாலையில் எங்கள் முறை வரும்வரை இரண்டு மணிநேரம் காத்திருந்தேன். நிலமெங்கும் பிடியற்ற மண்வெட்டிகள், வாய் மடிந்த கத்திகள், நுனி முறிந்த அலவாங்குகள். புறநானூற்றின் 95ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. அதியமானுக்காகத் தூது சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். அங்குள்ளவை பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவலுள்ள மனையில் இருப்பவை. அதியமானுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறிய கொட்டிலிலே கிடப்பவை என்கிறார் அவர். புகழ்வது போலப் பழித்ததும் பழிப்பது போலப் புகழ்ந்ததும் என்று உரை சொல்லி ஆண்டுதோறும் கற்பித்து வருகிறேன். கொல்லன் கொட்டிலின் கரிப்புகை கண்ணில் எரிய நின்றுகொண்டு அப்பாட்டை நினைத்தது அதுவே முதல் முறை.

வேலையின் கடைப்பகுதி தோய்ச்சல். செஞ்சூட்டிலுள்ள வாயை மாத்திரம் நீரில் தோய்த்தெடுத்து, மணற்கல்லால் ஒருபுறம் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொல்லர் உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். உடலில் மிஞ்சிய சூடு மெல்ல வாயை நோக்கி ஓடிவரும். அப்போது வெண்மை வைக்கோல் நிறமாகும்; பின்னர் கபிலமாகும்; விட்டால் நீலமாகும். நீலமானால் வாய்ச்சிக்கு வாய் மென்மை. வைக்கோல் நிறம் தோன்றுமுன் நிறுத்தினால் கண்ணாடிபோல் உடையும். ஏறக்குறைய 240 பாகைச் சூட்டிலே நிற்கும் அவ்வைக்கோல் நிறத்தைக் கருவி எதுவுமின்றிக் கண்ணாலேயே பிடித்து, ஒரே வீச்சில் முழுவதையும் நீரில் அமிழ்த்தினார். அவ்வளவு நேரமும் அவர் எவரோடும் பேசவில்லை.

வாய் முன்னையினும் ஒரு விரற்கடை நீண்டுவிட்டதனால் பழைய பிடியின் சாய்கோணம் பொருந்தவில்லை. தம்பி ஆப்பைக் கழற்றி, வேறொரு ஆப்புச் செதுக்கி இறுக்கினான். சென்ற மாதம் மூதூரிலிருந்து வந்த பழைய வள்ளமொன்றின் ஏராவை, அதாவது அடிமரத்தை, அதனாற் செதுக்கினான். பைபர் படகுகள் நிறைந்துவிட்ட இக்கரையில் அத்தகைய வேலை ஆண்டுக்கு மூன்றோ நான்கோதான் வரும். சிராய்கள் நீளமாக, ஒரே கனத்தில் விழுந்தன.

துணித்தெடுத்த நறுக்கு, ஒருபுறம் அகன்று மறுபுறம் ஒடுங்கிய சிறு இரும்புத் துண்டு, அன்னையாரின் வெற்றிலைப் பெட்டியிலே பாக்குவெட்டியின் அருகே கிடக்கின்றது. துருப் பிடியாதிருக்க வெள்ளிதோறும் அதற்குத் தேங்காயெண்ணெய் தடவுகிறார்.