பொலிகுதிரைகளின் குடலிறக்கமும் அதனை முன்கூட்டித் தடுக்கும் முறையும்

பொலிகுதிரைகளுக்கு நேரும் வயிற்று நோய்களுள் குடலிறக்கம் மிகக் கொடியது. விரையின் இரத்தக் குழாய்கள் வயிற்றினின்று கீழிறங்கும் இடத்தில் பக்கத்திற்கு ஒரு வளையம் உண்டு. குதிரைக்கு இவ்வளையங்கள் ஆயுள் முழுவதும் திறந்தே இருக்கும். வளையம் அகன்றிருப்பின் சிறுகுடலின் ஒரு பகுதி அதன் வழியே நழுவி இறுகிக்கொள்ளும். இரத்த ஓட்டம் தடைப்பட்ட குடல் சில மணி நேரத்தில் கெடத் தொடங்கும். ஐரோப்பாவின் வார்ம்பிளட், அமெரிக்காவின் ஸ்டாண்டர்ட்பிரெட், ஸ்பெயின் தேசத்து ஆண்டலூசியன் முதலிய ஜாதிகளில் இந்நோய் அதிகம்.

அறிகுறிகள்: திடீரென வயிற்றுவலி கண்டு குதிரை தரையில் புரளும், வியர்க்கும், ஒரு பக்கத்து விரை வீங்கிக் குளிர்ந்திருக்கும். ஆதலின் பொலிகுதிரைக்கு வயிற்றுவலி கண்டபோதெல்லாம் விரைப்பையைச் சோதித்தல் அவசியம். குடல் இறங்கியிருப்பின் சிறிதும் தாமதியாமல் மிருக வைத்தியரை அழைக்கவேண்டும்.

பழைய சிகிச்சை: குடலை மீட்டபின் அப்பக்கத்து விரையை அகற்றிவிடுவதே நெடுநாளைய வழக்கம். இதனால் குதிரை பிழைத்தாலும் அதன் பொலிதிறன் குறையும். மறுபக்கத்தில் நோய் தோன்றும் அபாயமும் நீங்காது.

புதிய முறை: வயிற்றைப் பெரிதாகக் கீறாமல், சிறு துளைகளின் வழியே உள்நோக்குக் குழாயையும் நுண்கருவிகளையும் செலுத்தி வளையத்தை உள்ளிருந்தே மூடலாம். வயிற்றின் உட்சவ்வில் ஒரு மடலை வெட்டி வளையத்தின்மேல் மடித்துப் பொருத்தும் முறையைப் பிரான்ஸ் தேசத்து வைத்தியர்கள் 2007-இல் வெளியிட்டனர். அதில் குதிரையை மயக்கிக் கிடத்த வேண்டியிருந்தது. நின்ற நிலையிலேயே இதனைச் செய்யும் முறையைப் பெல்ஜிய வைத்தியர்கள் 2012-இல் வெளியிட்டனர். குதிரையைச் சட்டத்தினுள் நிறுத்தி, தணிப்பு மருந்து கொடுத்து, விலாப்புறத்தை மரக்கச் செய்தால் போதும். முழு மயக்கத்தினின்று எழும்போது கால் முறியும் அபாயம் இதில் இல்லை. விரையின் இரத்தக் குழாய்கள் நசுங்காதபடி மூடுவதால் விரை காக்கப்படுகிறது.

கவனிக்க வேண்டியவை: இது நோய் வருமுன் அல்லது மீண்டும் வராமல் காக்கும் சிகிச்சையாகும். குடல் இறுகிக் கெட்டிருப்பின் வயிற்றைத் திறந்து செய்யும் ரண சிகிச்சையே வேண்டும். குட்டிகளுக்குப் பிறவியிலேயே காணும் குடலிறக்கம் பெரும்பாலும் சில மாதங்களில் தானே மறையும்; அதற்குள் கத்தியை நாடவேண்டுவதில்லை. அகன்ற வளையம் பரம்பரையாகவும் வரக்கூடும். சிகிச்சை அக்குதிரையைக் காக்குமேயன்றி அதன் வித்திலுள்ள குறையை நீக்காது. எனவே அத்தகைய குதிரையைப் பொலிக்கு விடுமுன் அதன் குட்டிகளின் நலத்தையும் எண்ணிப் பார்த்தல் உடையவரின் கடமையாகும்.