பனித்துளிக்கும் ஒரு பற்றுக்கோடு

மார்கழி, தை மாதங்களில் விடியற்பொழுதிலே கண்டி ஏரிக்கரையில் நின்று நோக்குவோமானால், ஹந்தானை மலை வெண்பனிப் போர்வைக்குள் மறைந்திருக்கக் காண்போம். காற்றிலுள்ள நீராவி குளிர்ந்து துளியாவதே பனிமூட்டம் எனப் பள்ளிச் சிறாரும் சொல்வர். ஆயினும், தூய காற்றிலே நீராவி அத்துணை எளிதில் துளியாவதில்லை. காரணம் யாது?

ஏரிநீரின் பரப்புத் தட்டையானது. அங்குள்ள ஒவ்வொரு மூலக்கூற்றையும் அயலிலுள்ள பல மூலக்கூறுகள் பற்றி இழுத்து வைத்திருக்கின்றன. சிறு துளியின் பரப்போ வளைந்தது. அங்கே அயலிலுள்ளவை குறைவு, பிடியும் தளர்வு. ஆதலால் துளி சிறுக்கச் சிறுக்க அதன் ஆவியமுக்கம் உயர்கின்றது; நீர் விரைந்து ஆவியாகின்றது. இதனை 1871ஆம் ஆண்டிலே கணித முறையில் விளக்கியவர் கிளாஸ்கோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் தொம்சன். பின்னாளில் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்றவர் அவரே.

ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு ஆரையுள்ள துளி நிலைத்திருக்க, காற்றின் ஈரம் நிரம்பல் அளவினும் நூற்றுக்கு 0.1 பங்கு மிகுந்திருந்தாற் போதும். ஆரை அதில் நூறிலொன்றானால், மிகை 11 பங்கு வேண்டும். இன்னும் பத்திலொன்றாகச் சுருங்கினால், நிரம்பல் அளவைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு ஈரம் வேண்டும். முகிலிலோ மிகை ஒரு பங்கைத் தாண்டுவதே அரிது. எனவே, துணையின்றிப் பிறக்கும் துளி வளருமுன்னரே மாய்ந்துவிடும்.

பொன்னுக்கும் இத்தகைய இயல்பு உண்டு. தட்டாரின் உலையிலே பொன் 1064 பாகை சதமவளவையில் உருகும். ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் இரண்டு மூன்று பங்கே குறுக்களவுள்ள பொற்றுணிக்கையோ அதற்குப் பல நூறு பாகை கீழேயே உருகிவிடும்.

மீண்டும் பனிமூட்டத்துக்கு வருவோம். துளிக்குக் கைகொடுப்பது தூசியே. கடலலையிலிருந்து தெறித்தெழும் உப்புத்துகளும் புகைத்துகளும், நீராவி படிவதற்குத் தொடக்கத்திலேயே அகன்ற பரப்பை அளிக்கின்றன. உப்போ நீரிற் கரைந்து, அது ஆவியாவதையும் குறைக்கின்றது. ஸ்கொத்லாந்து அறிஞர் ஜோன் எய்ற்கின் 1880ஆம் ஆண்டளவில் இதனைச் சோதித்தார். பஞ்சினால் வடித்த காற்றுள்ள கலத்தினுள் நீராவியைச் செலுத்தியபோது மூட்டம் தோன்றவில்லை. சாதாரணக் காற்றுள்ள கலத்திலோ அடர்ந்து தோன்றிற்று.

மாணவர்கள் இதனை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். தெளிந்த பிளாஸ்ரிக் போத்தலிலே சிறிது இளஞ்சூட்டு நீரை விட்டுக் குலுக்கி, மூடி, அழுத்திக் கையைத் தளர்த்துக. ஏதும் தோன்றாது, தோன்றினும் மங்கலாகவே இருக்கும். பெரியோர் உதவியுடன், அணைத்த தீக்குச்சியின் புகையைச் சிறிது உட்செலுத்தி மீண்டும் அவ்வாறே செய்க. கையைத் தளர்த்தியதும் வெண்மூட்டம் எழும், அழுத்தியதும் மறையும்.

கண்டி மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்றது. இரவிலே குளிர்ந்த காற்று அடியிலே தங்க, வாகனப் புகையும் அதனுடன் தேங்குகின்றது. துகள்கள் பெருகினால் அதே நீர் மிகப்பல நுண்துளிகளாகப் பங்கிடப்படும். மூட்டம் அடர்ந்து பார்வையை மறைக்கும். அத்துகள்களை நாமும் நம் குழந்தைகளும் மூச்சுடன் உள்வாங்குகின்றோம். பனித்துளிக்குப் பற்றுக்கோடாகக் கடலுப்பும் இயற்கைத் தூசியுமே போதும். தேவையின்றி இயங்கும் எஞ்சினை நிறுத்துவதும், குப்பையை எரியாது விடுவதும் நம் ஒவ்வொருவராலும் இயலும் செயல்களன்றோ?