மட்கலங்கள் வகுத்த காலவரிசை

நைல் நதியின் மேற்குக் கரையில், லக்ஸர் நகருக்கு வடக்கே நகாதா என்னும் ஊர் உள்ளது. அங்கு 1894-95-இல் பிளிண்டர்ஸ் பெட்ரி என்ற ஆங்கில ஆராய்ச்சியாளர் 2,000-க்கு மேற்பட்ட புதைகுழிகளைத் தோண்டினார். உடல்கள் முழங்கால் மடித்து, ஒருக்களித்துக் கிடத்தப்பட்டிருந்தன. மட்கலங்களும், கண்மை அரைக்கும் கற்பலகைகளும் உடன் இருந்தன. ஆனால் காலத்தைக் கூறும் எழுத்து எதுவுமில்லை. பிரமிடு கட்டிய மக்களின் வழக்கங்களை இவை ஒத்திராமையால், பிற்காலத்தில் வெளியிலிருந்து புகுந்த புதிய இனத்தாரின் குழிகள் இவை எனப் பெட்ரி முடிவு கட்டினார். அம்முடிவு தவறு. மன்னர் பரம்பரைகள் தோன்றுமுன் வாழ்ந்த எகிப்தியருடையவை இவை என்று பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் ஜாக் தெ மோர்கன் எடுத்துக்காட்டினார். பெட்ரியும் பின்னர் அதனை ஏற்றார்.

எனினும் இவற்றுள் எக்குழி முந்தியது, எக்குழி பிந்தியது? குழிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமையாது பரந்து கிடந்தமையின், மண்ணடுக்கைக் கொண்டு காலம் காண இயலவில்லை. பெட்ரி மட்கலங்களையே துணைக்கொண்டார். அலைபோல் வளைந்த கைப்பிடியுடைய ஒரு வகைச் சாடி அவருக்கு வழிகாட்டிற்று. தொடக்கத்தில் அது உருண்டு திரண்டிருந்தது. கைப்பிடியும் பற்றித் தூக்கத்தக்கதாயிருந்தது. காலம் செல்லச் செல்லச் சாடி ஒடுங்கிற்று. கைப்பிடி தேய்ந்து வெறும் அலைக்கோடாயிற்று. இறுதியில் அக்கோடும் மறைந்தது. உள்ளிருந்த பொருளும் அவ்வாறே தேய்ந்தது. முதலில் நறுமணக் கொழுப்பு. கடைசியில் வெறும் மண். இறந்தோர்க்குச் செய்யும் கடனில் சிக்கனம் புகுவது புதிதன்று போலும்!

பெட்ரி 900 குழிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் இருந்த கலவகைகளை ஓர் அட்டைத் துண்டில் குறித்தார். ஒத்த கலங்களுடைய அட்டைகள் அருகருகே வருமாறு அவற்றைத் திரும்பத் திரும்ப மாற்றி அடுக்கினார். கிடைத்த வரிசைக்கு 30 முதல் 80 வரை எண்ணிட்டு, 1901-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். இவ்வெண்கள் ஆண்டுகளல்ல, முன்பின் முறையை மட்டுமே காட்டுவன. 30-க்குக் கீழ்ப்பட்ட எண்களை, இன்னும் பழைமையானவை கிடைக்கக்கூடும் எனக் கருதி ஒதுக்கி வைத்தார்.

அவ்விடம் வீணாகவில்லை. 1920-களில், நகாதாவுக்கு வடக்கே பதாரி என்னுமிடத்தில் கை பிரண்டன் அத்தகைய முற்பட்ட பண்பாட்டைக் கண்டார். அருகிலுள்ள ஹம்மாமியாவில் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்ஸன் அம்மையார் ஒரு குடியிருப்பை அடுக்கடுக்காகத் தோண்டியபோது, பதாரிக் கலங்கள் கீழும் நகாதாக் கலங்கள் மேலுமாகக் கிடந்தன. அட்டைகளைக் கொண்டு வகுத்த முறைக்கு மண்ணே சான்று பகர்ந்தது.

பெட்ரியின் எண்கள் பின்னர்த் திருத்தம் பெற்றன. வெர்னர் கைஸர் 1957-இல், இடுகாட்டில் குழிகள் அமைந்துள்ள இடத்தையும் கருதி, நகாதாக் காலத்தை மூன்று கட்டங்களாகப் பிரித்தார். ஆண்டுக் கணக்கை நெருங்கக் கதிரியக்கக் கரிமுறை வேண்டியிருந்தது. முடி, எலும்பு, தாவரப் பொருள் ஆகியவற்றைச் சோதித்து 2013-இல் வெளியான ஆய்வு, முதற் பரம்பரையைச் சேர்ந்த ஆஹா மன்னனின் ஆட்சி பெரும்பாலும் கி.மு. 3111-க்கும் 3045-க்கும் இடையே தொடங்கியது எனக் கணித்தது.