வேறு மருந்து கேட்கலாமா?

1891-ம் வருஷத்தில் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரத்து டாக்டர் ஜார்ஜ் மர்ரி, தைராய்டு சுரப்பி வேலை செய்யாத ஒரு ஸ்திரீக்கு ஆட்டின் சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் ஏற்றினார். அந்த அம்மாள் பின்னும் 28 வருஷம் ஜீவித்திருந்தாள். 1927-ல் ஹாரிங்டனும் பார்ஜரும் தைராக்ஸினை ரசாயன முறையிலேயே தயாரித்துவிட்டார்கள். இன்று வைத்தியர்கள் முதலில் எழுதிக் கொடுப்பது அவ்வகை மாத்திரையைத்தான்.

ஆயினும், ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தும் களைப்புத் தீராதவர் சிலர் உண்டு. அவர்கள், பன்றியின் சுரப்பியை உலர்த்திச் செய்த மாத்திரையைக் கேட்கிறார்கள். கேட்பதில் குற்றமென்ன? பரிசோதனைச் சீட்டை மட்டும் நம்பி நோயாளியின் வாய்ச்சொல்லைத் தள்ளுவது நல்ல வைத்தியமாகாது. ஆனால் ஒரு விஷயம்: தைராக்ஸினைவிட வேகமாக வேலை செய்யும் டி3 என்னும் பொருள், மனிதச் சுரப்பி தருவதைக் காட்டிலும் பன்றிச் சுரப்பியில் விகிதப்படி மிக அதிகம். அது மிஞ்சினால் மார்பு படபடக்கும், எலும்பும் தேயும்.

மாத்திரையைக் காப்பியோடு விழுங்குகிறீர்களா? (நம் வீடுகளில் காலையில் வேறென்ன கிடைக்கும்!) அப்படியானால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிட வேண்டும். இரும்பு, கால்ஷியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி தேவை. ரத்தசோகை உண்டா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறமும் களைப்புத் தீராவிட்டால், "சில மாதம் வேறு மருந்து கொடுத்துப் பார்க்கலாமா, டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். அவர் பதில் சொல்லும் வரையில் பழைய மாத்திரையை நிறுத்த வேண்டாம்.